பெரிய டெக் கம்பெனியில் முதல் இரண்டு வருடம் எப்படி இருக்கும்?

காலேஜ் முடித்ததும் பெரிய டெக் கம்பெனியில் சேர்ந்தால் நிஜமாக என்ன வேலை செய்வோம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தண்டையார்பேட்டை. தரமணி பக்கம் அப்படி ஒரு கம்பெனியில் நாலு வருடமாக இருக்கிறேன், பெயர் வேண்டாம்.

முதல் வருடம் கோட் எழுதியதைவிடப் பழைய கோடைப் படித்ததுதான் அதிகம். யாரோ ஆறு வருடத்துக்கு முன் எழுதிவிட்டு வேறு டீமுக்குப் போயிருப்பார், அதை ஏன் அப்படி எழுதினார் என்று நாம் துப்பறிய வேண்டும். சேர்ந்து ஒரு மாதம் கழித்து என் முதல் மாற்றத்தை அனுப்பினேன். பதினொரு வரி. ரிவ்யூவில், அதாவது சேர்க்கும் முன் டீமில் மற்றவர்கள் கோடைச் சரிபார்க்கும்போது, பதினேழு கமெண்ட் வந்தது. வேரியபிள் பெயர் சரியில்லை, டெஸ்ட் எங்கே, இந்த எரர் வந்தால் என்ன ஆகும்... அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. அப்புறம் பார்த்தால் பத்து வருட அனுபவம் உள்ளவர் அனுப்பினாலும் அதே கதைதான்.

என்னுடைய உண்மையான சிக்கல் வேறு. சந்தேகம் கேட்டால் கெத்து போய்விடும் என்று நினைத்தேன். எங்கள் ஸ்கூலிலும் காலேஜிலும் கேள்வி கேட்டவனைப் பார்த்துச் சிரித்தார்கள், அந்தப் பழக்கம். போதாததற்கு என் இங்கிலீஷ் வேறு. ஒரு பர்மிஷன் பிரச்சினையில் மூன்று நாள் முட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட் சீனியர் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, "அரை மணி நேரம் முட்டிப் பாருங்க, அப்புறம் வந்து கேளுங்க. கேட்காம இருந்தாதான் எங்களுக்குப் பயமா இருக்கு" என்றார். எனக்குக் கிடைத்த டிரெய்னிங்கில் உருப்படியானது அதுதான்.

அப்பா துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறவர். "உனக்கு அங்க என்னடா வேலை?" என்றார். கண்டெய்னர் பார்க்கிறேன் என்றேன். எங்கள் பாஷையில் அது ஒரு புரோகிராமை அது ஓடத் தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டிய பொட்டலம். "இருபது அடியா, நாற்பது அடியா?" என்றார். அந்தக் கண்டெய்னர்களை மேய்க்கும் சாஃப்ட்வேரின் பெயர் குபெர்னெட்டிஸ், அப்படியென்றால் கிரேக்கத்தில் சுக்கான் பிடிப்பவர் என்று சொன்னதும்தான் கொஞ்சம் மரியாதை வந்தது.

சம்பளம் நல்ல சம்பளம், மறுக்கவில்லை. ஆனால் ஆஃபர் லெட்டரில் பெரிதாகத் தெரியும் தொகையில் ஒரு பகுதி கம்பெனி ஷேர். அது பெரும்பாலும் நாலு வருடத்தில் பிரித்துப் பிரித்துக் கைக்கு வரும். வரும் நாளின் விலைக்குச் சம்பளம் மாதிரியே வரியும் பிடிப்பார்கள். மொத்தத் தொகையை நம்பி வீட்டுக் கடன் கணக்குப் போடாதீர்கள். நிரந்தர வேலை என்றும் நினைக்க வேண்டாம். 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேர், மைக்ரோசாஃப்ட் 10,000 பேர் என்று ஆட்குறைப்பு அறிவித்தபோது, டிவியைப் பார்த்துவிட்டு அப்பா என் முகத்தைப் பார்த்தார். எனக்கும் சொல்ல ஒன்றும் இல்லை.

போக்குவரத்து பரவாயில்லை. 2021-ல் தண்டையார்பேட்டை பக்கம் மெட்ரோ வந்த பிறகு சென்ட்ரல் வரை அதில் போய், பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்தால் திருவான்மியூர். போக வர மூன்று மணி நேரம் போய்விடும், அவ்வளவுதான்.

கடைசியாக ஆன்-கால். உங்கள் முறை வரும் வாரத்தில் சர்வர் எந்த நேரத்தில் படுத்தாலும் போன் அலறும், எழுந்து லேப்டாப்பைத் திறக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒரே ஹால், நாலு பேர் வரிசையாகப் படுப்போம். முதல் தடவை ராத்திரி இரண்டே காலுக்கு அடித்தது. அம்மா எழுந்து உட்கார்ந்து, "யாருக்கு என்னாச்சு?" என்று அழவே ஆரம்பித்துவிட்டார். டிஸ்க் நிறைந்துவிட்டது என்று எப்படிப் புரியவைப்பது? இப்போது அந்த வாரம் மட்டும் வேளச்சேரியில் நண்பன் ரூமில் தங்கிவிடுகிறேன். ஆஃபர் கையெழுத்துப் போடும் முன் எத்தனை வாரத்துக்கு ஒரு முறை ஆன்-கால் வரும் என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை.