லாக்கில் ஏறுவதைவிட இறங்கும்போதுதான் கவனம் வேண்டும்

இங்கிலாந்தின் உள்நாட்டுக் கால்வாய்களில் நேரோபோட் என்கிற ஒடுக்கமான நீளப் படகை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டினால், வழியில் வரும் லாக்குகளைக் கடப்பது கஷ்டமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கஷ்டம் இல்லை, ஆனால் அவசரக்காரர்களுக்கு ஆகாது. நாங்கள் நாலு பேர் ஒரு வாரம் போனோம், யாருக்கும் முன் அனுபவம் கிடையாது. முதல் லாக்குக்கு முக்கால் மணி நேரம் ஆனது, மூன்றாம் நாள் கால் மணி நேரத்தில் முடித்தோம்.

லாக் என்பது முன்னும் பின்னும் கதவு வைத்த ஒரு நீளமான தொட்டி. படகை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, தண்ணீர் போகும் துளையை மூடியிருக்கும் ஷட்டரைத் தூக்கித் தண்ணீரை நிரப்பினால் படகு மேலே வரும், வடித்தால் கீழே இறங்கும். பம்ப் எதுவும் கிடையாது. பெரும்பாலான இடங்களில் ஆளும் இருக்க மாட்டார், விண்ட்லாஸ் என்கிற எல் வடிவக் கைப்பிடியை மாட்டிச் சுற்றி நீங்கள்தான் ஷட்டரைத் தூக்க வேண்டும். இரண்டு பக்கமும் தண்ணீர் மட்டம் சமமாகும் வரை கதவு அசையாது. 10 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே ஏறக்குறைய அரை டன் எடை அதை அழுத்திக்கொண்டிருக்கும். இது புரியாமல் முதல் நாள் இரண்டு பேர் முக்கி முக்கித் தள்ளி முதுகு வலிதான் மிச்சம். மட்டம் சமமானதும், கதவோடு நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய மரச்சட்டத்தில் சும்மா சாய்ந்து நின்றால் போதும்.

இப்போது ஆபத்துக்கு வருகிறேன். மேல் கதவுக்கு அடியில், தண்ணீருக்குள் மறைந்தபடி, ‘சில்’ (cill) எனப்படும் ஒரு கல் திண்ணை லாக்கின் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அது எதுவரை வருகிறது என்று பக்கச் சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். கீழே இறங்கும்போது படகின் பின்பக்கம் அந்தக் கோட்டைத் தாண்டி முன்னால் இருந்தே ஆக வேண்டும். நான்காம் நாள் சுக்கான் என் கையில், டீ குடித்தபடி பேசிக்கொண்டிருந்தேன், படகு மெல்ல பின்னால் நகர்ந்ததைக் கவனிக்கவில்லை. திடீரென்று சமையலறையில் பாத்திரங்கள் சரிகிற சத்தம். பின்பக்கம் திண்ணையில் உட்கார்ந்துவிட்டது, முன்பக்கம் மட்டும் தண்ணீரோடு இறங்குகிறது! கத்தினேன். கரையில் இருந்த நண்பன் ஓடிப்போய்க் கீழ் ஷட்டர்களை மூடினான், அப்புறம் மேல் ஷட்டரைக் கொஞ்சமாகத் திறந்து தண்ணீர் விட்டதும் படகு மிதந்தது. இன்னும் சில நிமிடம் விட்டிருந்தால் கவிழ்ந்திருக்கும்.

அதனால் ஷட்டர் பக்கம் நிற்பவர் ஃபோனைப் பார்க்காமல் படகையே பார்க்கட்டும். இறங்கும்போது கயிற்றை இறுக்கிக் கட்டாதீர்கள், படகு அதிலேயே தொங்கிவிடும். கம்பத்தில் ஒரு சுற்று சுற்றிக் கையில் பிடித்துத் தளர்த்திக்கொண்டே இருங்கள். விண்ட்லாஸை மாட்டியபடி விட்டுவிட்டுப் போகவும் கூடாது. ஷட்டரைத் தாங்கும் கொக்கி நழுவினால் அது சுழன்று பறந்து வரும்.

கிளம்பும் முன் ஷட்டர்கள் எல்லாம் மூடியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒரு தடவை லாக்கை நிரப்பவே ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் போகிறது, திறந்தபடி விட்டால் மேலே இருக்கிறவர்களின் படகு தரை தட்டிவிடும்.

டிவைசஸ் என்கிற ஊர்ப் பக்கம் போவதாக இருந்தால் கேன் ஹில்லில் வரிசையாக 29 லாக். அகலமானவை, இரண்டு நேரோபோட் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், ஜோடிக்கு ஒரு படகு கிடைத்தால் வேலை பாதியாகும். காலையிலேயே போய்விடுங்கள், நாங்கள் தாமதமாகப் போய் அன்று இரவு அடிவாரத்திலேயே கட்டிப்போட வேண்டியதாகிவிட்டது.