கிரான்பெர்ரி சாஸ் பாகுபோலத் திகட்டினால்

காய்ந்த கிரான்பெர்ரி 200 கிராமில் சாஸ் செய்து, திகட்டுகிறது, கெட்டியாகவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கை மேல் தப்பில்லை. காய்ந்த பழத்தில் பெரும்பாலும் சர்க்கரை சேர்த்தே விற்கிறார்கள். நீங்கள் மேலே அரை கப் வேறு போட்டிருக்கிறீர்கள்!

கொட்டிவிடாதீர்கள். பச்சை ஆப்பிள் ஒன்றைத் தோலோடு துருவிப் போடுங்கள், அதிலுள்ள பெக்டின்தான் இறுக்கும். நெல்லிக்காய் அளவு புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றி, சுக்குப்பொடி, உப்பு, கிள்ளிய மிளகாய் வற்றல் இரண்டு போட்டு சிறுதீயில் கிளறுங்கள். புளி இஞ்சி செய்த கைக்கு இது புதிதில்லை. குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் கோடு இழுங்கள். கோடு மூடாமல் நின்றால் இறக்கிவிடலாம், ஆறினால் இன்னும் இறுகும்.

அடுத்த முறை உறைந்த பழம் வாங்குங்கள். பெங்களூரில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் தேடினால் கிடைக்கும், விலைதான் கொஞ்சம் கடிக்கும். கால் கிலோ பழத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவிட்டால் பட் பட்டென்று வெடிக்கும். அப்புறம் 100 கிராம் வெல்லம். புளி வேண்டாம், பழத்துக்கே போதுமான புளிப்பு உண்டு.

மழைக்காலம் என்றால் நான் கிரான்பெர்ரிக்குப் பதில் களாக்காய்க்கே போய்விடுவேன். அந்தக் காயின் பால் பிசுக்கும், உப்புத் தண்ணீரில் ஊறவைத்து விதை எடுத்துவிடுங்கள்.