பெட்டி இல்லாத புதையல்

அன்புள்ள அண்ணா,

ஒக்டோபரில், இலைகள் சிவந்திருந்த நேரம், ரொறன்ரோவுக்கு வடக்கே ஆள்நடமாட்டம் இல்லாத ஓர் ஓடையில் பிள்ளைகளோடு கயாக் விட்டோம். கூடவே ஜியோகாஷிங். யாரோ ஒளித்துவைத்த பெட்டியை ஜி.பி.எஸ் பார்த்துத் தேடிப்போகும் விளையாட்டு. விழுந்துகிடந்த மரமொன்றின் அடியில் பச்சை நிறத் துப்பாக்கி ரவைப்பெட்டி அகப்பட்டது. மகள் உள்ளே இருந்த கொப்பியில் பெயர் எழுதி, ஒரு சிப்பியை வைத்துவிட்டு விசில் ஒன்றை எடுத்துக்கொண்டாள். அடுத்த ஐப்பசியில் ஊருக்கு வருகிறோம். யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றில் கண்டல் மரங்களுக்குள் இப்படி ஒரு பெட்டி ஒளித்துவைக்க ஆசை. உங்கள் எண்ணம் என்ன?

ஒரு வாசகர், ரொறன்ரோ

அன்புள்ள தம்பி,

கயாக் தாராளமாக விடலாம். பெட்டி மட்டும் வேண்டாம்.

1996இல், போரில் இடம்பெயர்ந்து இருந்த தென்மராட்சியிலிருந்து எங்கள் வலிகாமத்துக்குத் திரும்பியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் வளவின் பின்வேலியோரம் பச்சைத் தகரப்பெட்டி ஒன்று கிடந்தது. நான் குனிந்ததுதான் தெரியும், அப்பா போட்ட சத்தத்தில் அயல் முழுக்க வந்துவிட்டது. வெறும் பெட்டிதான் என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் கனநாள் அந்தப் பக்கம் நாங்கள் போகவில்லை. தெரியாத பொருளைத் தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவர்களிடம் சொல் என்று பள்ளிக்கூடத்தில் படம் காட்டிச் சொல்லித்தந்தார்கள். போர் முடிந்து பத்து வருடம் கடந்தும் முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றிக்கொண்டிருந்தார்கள். உங்கள் மகளுக்குப் புதையலாகத் தெரிந்த அதே பெட்டியை இங்கே இறாலுக்குப் போகிற ஒருவர் கண்டால், அவர் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது.

இந்த விளையாட்டு பிறந்த நாளை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு கனக்கிறது. 2000 மே தொடக்கத்தில் அமெரிக்கா ஜி.பி.எஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை நீக்கியது, யாரும் இடத்தைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க வழி பிறந்தது. மே 3ஆம் தேதியே ஒறிகன் மாநிலத்தில் ஒருவர் காட்டுக்குள் வாளி ஒன்றை வைத்து, இடக்குறிப்பை எல்லோருக்கும் அறிவித்தார். அப்போது இங்கே ஆனையிறவு இராணுவ முகாம் புலிகளிடம் விழுந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. அந்த மாதம் சண்டைக்குப் பயந்து தென்மராட்சிச் சனம் மூட்டை முடிச்சோடு வீதியில் நின்றது.

அதற்காக ஆசையை விடச் சொல்லவில்லை. ஜியோகாஷிங்கிலேயே ‘எர்த்காஷ்’ என்று ஒரு வகை உண்டு, 2004இல் வந்தது. பெட்டியே கிடையாது. வருகிறவர் அந்த இடத்தின் மண்ணையும் கல்லையும் பார்த்து, கேட்ட கேள்விக்குப் பதில் அனுப்ப வேண்டும். எங்கள் சுண்ணாம்புக்கல் மண்ணுக்கென்றே செய்தது போல இருக்கிறது! கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறும் கீரிமலை, மேலே நன்னீரும் கீழே உப்புநீருமாக நிற்கும் நிலாவரைக் கிணறு. இதைவிட வேறென்ன புதையல் வேண்டும்?

அப்புறம், காலம். அங்கே ஒக்டோபர் என்றால் இலையுதிர்வு, இங்கே ஐப்பசி மழை. கார்த்திகையில் வெள்ளம் ஏறினால் தொண்டைமானாற்றுத் தடுப்பணைக் கதவுகளைத் திறந்து தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். அந்த இழுவையில் பிள்ளைகளோடு இறங்கவே கூடாது. பயணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். மழை ஓய்ந்திருக்கும், வலசைப் பறவைகளும் நிற்கும். பேர்தான் ஆறு, உண்மையில் அது கடனீரேரி. வாடைக்காற்று வெட்டவெளியில் கயாக்கைப் பக்கவாட்டில் தள்ளும் என்பதால் விடியற்காலையில் இறங்கி, வெயில் ஏறமுன் கரைக்கு வந்துவிட வேண்டும். உயிர்காப்பு அங்கியை அங்கிருந்தே கொண்டுவாருங்கள், பிள்ளைகளின் அளவுக்கு இங்கே தேடி அலைய வேண்டிவரும்.

இறங்கமுன் கரையில் வலை காயப்போடுகிற ஆட்களிடம் எந்தப் பக்கம் போகலாம் என்று கேளுங்கள். சிறகுவலைக் கம்புகளுக்கு நடுவே புகுந்துவிடாதீர்கள், அது அவர்களுடைய சோறு. நாள் முடிவானதும் எழுதுங்கள். அணைக்கு உட்பக்கமாகச் செல்வச்சந்நிதிக் கரையில் வந்து நிற்கிறேன், எர்த்காஷ் கேள்வியை உங்கள் மகளே எழுதட்டும்.