ஹோட்டல் மேனேஜ்மென்ட்டில் எஃப் அண்ட் பி படிக்கலாமா? “சர்வர் வேலைக்கு எதுக்குப் படிப்பு?” என்கிறார்கள் வீட்டில்

கேட்டிருப்பவர் கோத்தகிரியில் பிளஸ் டூ முடித்த பெண். நான் குன்னூர்க்காரி. அப்பா தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தார். சென்னை தரமணியில் ஐ.ஹெச்.எம். என்கிற அரசு ஹோட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரியில் மூன்று வருஷம் படித்தேன். இப்போது ஊட்டியில் ஒரு ஹோட்டலில் எஃப் அண்ட் பி, அதாவது உணவும் பானமும் பரிமாறும் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன்.

தாராளமாகப் படிக்கலாம். உங்கள் வீட்டில் கேட்டதை என் அம்மா இன்னும் கடுமையாகக் கேட்டாள்: “எச்சில் தட்டு எடுக்கவா உன்னைப் படிக்க வெச்சோம்?” அன்றைக்கு அழுதேன். இன்றைக்குக் கேட்டால், ஆமாம், எடுக்கத்தான் வேண்டும் என்பேன். ட்ரெயினிங்கில் நாள் முழுக்க எடுத்திருக்கிறேன். எந்தத் தட்டில் எது மிச்சமாகி வருகிறது என்று பார்த்துப் பழகியவருக்குத்தான் மெனுவில் எதைத் தூக்க வேண்டும், எதன் அளவைக் குறைக்க வேண்டும் என்று தெரியும்.

இந்தப் பிரிவில் பாதி கணக்கு. 40 ரூபாய்க்குக் கிலோ என்று 10 கிலோ கேரட் வாங்குகிறீர்கள். மண் போகக் கழுவி, தலையும் வாலும் நறுக்கி, தோல் சீவினால் 8 கிலோதான் கைக்கு வருகிறது. அப்படியென்றால் சட்டியில் விழுகிற கேரட் கிலோ 50 ரூபாய். 40 என்று வைத்து விலை போட்டால் கிலோவுக்குப் பத்து ரூபாய் கையை விட்டுப் போகும். மெனுவில் இருக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் இப்படிப் பார்க்க வேண்டும். பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் சேரலாம், ஆனால் இந்தக் கணக்குக்குச் சலித்துக்கொள்ளாத மனசு வேண்டும்.

மீதிப் பாதி, கவனம். ஊட்டியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஜனவரி. ஒரு பெரியவருக்குக் கல்லிலிருந்து நேராகத் தோசை கொண்டுபோய் வைத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். “தோசை சூடாத்தாம்மா வந்திருக்கும். தட்டு ஐஸா இருக்கே” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார், அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. பீங்கான் தட்டு இரவெல்லாம் குளிரில் கிடந்திருந்தது. தட்டைச் சூடாக்கி வைக்க வேண்டும் என்று பாடத்தில் படித்துப் பரீட்சையும் எழுதியிருந்தேன், சென்னை வெயிலில் அது மனசில் பதியவில்லை. அன்றிலிருந்து விடிகாலையில் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது தட்டு அடுக்கைத்தான்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதிலெல்லாம் ஒரு அனுகூலம் உண்டு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். சமவெளியிலிருந்து வந்த ஒரு சமையல்காரர் ராஜ்மாவைத் திறந்த பாத்திரத்தில் வைத்துவிட்டு, ஏன் வேகவில்லை என்று அடுப்பையே திட்டிக்கொண்டிருந்தார். குக்கர் இல்லாமல் நடக்காது என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும், ஏன் என்பதைப் படிப்பு சொல்லித்தரும். நம் பழக்கம் நம்மை ஏமாற்றுகிற இடமும் உண்டு. “குளிர்தானே, குழம்பு வெளியிலேயே இருக்கட்டும்” என்போம். உணவு 5 டிகிரிக்குக் கீழோ 60 டிகிரிக்கு மேலோ இருக்க வேண்டும், நடுவில் கிருமி பெருகும். நமக்கு நடுக்கம் எடுக்கிற 15 டிகிரி அந்த நடுவில்தான் வருகிறது.

அரசு ஐ.ஹெச்.எம்.களுக்கு என்.சி.ஹெச்.எம். ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு உண்டு. பிளஸ் டூவில் ஆங்கிலம் ஒரு பாடமாக இருக்க வேண்டும். திருச்சி துவாக்குடியில் மாநில அரசின் நிறுவனமும் இருக்கிறது. சமையல், பரிமாறல், வரவேற்பைப் பார்க்கிற ஃப்ரண்ட் ஆஃபீஸ், அறைகளைப் பராமரிக்கிற ஹவுஸ்கீப்பிங் நான்கையும் படித்த பிறகுதான் ஒன்றில் நிலைப்பீர்கள். எங்களுக்கு ஹோட்டல் ட்ரெயினிங் 17 வாரம். மதுவைப் பற்றியும் பாடம் வரும். படித்துத்தான் ஆக வேண்டும், குடிக்க யாரும் சொல்ல மாட்டார்கள். வீட்டில் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தனியார் கல்லூரி என்றால் பணம் கட்டும் முன் சமையல் வகுப்பு நடக்கிற நேரத்தில் போய்ப் பாருங்கள். என் சித்தி பையன் “கப்பல் வேலை நிச்சயம்” என்ற பேச்சை நம்பி ஒரு கல்லூரியில் சேர்ந்தான். அறுபது பேருக்கு இரண்டு அடுப்பு. சித்தி நகையை அடகு வைத்துக் கட்டிய ஃபீஸ் அது, நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

ஆரம்பச் சம்பளம் குறைவு. பிரேக் ஷிஃப்ட் என்று காலையும் இரவும் வேலை, நடுவில் சும்மா. ஊரே பண்டிகை கொண்டாடும்போது நீங்கள் டூட்டியில் இருப்பீர்கள். ஆனால் இந்த மலைக்கு ஆள் வேண்டும். நம் ஹோட்டல் மெனுக்களில் பனீர் பட்டர் மசாலா இல்லாத இடமில்லை, படகர் வீட்டு அவரைக் குழம்பையும் ராகிக் களியையும் தேடித்தான் பிடிக்க வேண்டும். விலை போடவும் பரிமாறவும் தெரிந்த உள்ளூர்ப் பிள்ளைகள் வந்தால் இது மாறும். எனக்கு அந்த ஆசை ரொம்ப நாளாக இருக்கிறது.

அதனால் ஃபீஸ் கட்டும் முன் ஒரு சீசன் வேலை பாருங்கள். மே சீசன் தவறினால் செப்டம்பர், அக்டோபரில் இரண்டாம் சீசன். ஊட்டியிலோ குன்னூரிலோ நல்ல ஹோட்டலாகப் பார்த்து, சீசனுக்கு ஒரு மாதம் முன்பே அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். டின்னர் முடிய இரவு 11 ஆகும், அதனால் தங்க இடம் தருவார்களா, வீட்டில் கொண்டுவந்து விடுவார்களா என்பதை அங்கேயே பேசி முடியுங்கள். சறுக்காத அடி உள்ள கறுப்பு ஷூ ஒன்று வாங்குங்கள். சாக்ஸ் நான்கு ஜோடியாவது வேண்டும். மழை பிடித்தால் துவைத்தது காய எத்தனை நாள் ஆகும் என்று கோத்தகிரிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.