கடைக்கு ஒரே கம்ப்யூட்டர், அதுல ஆளுக்கு ஒரு அக்கவுண்ட்

கேள்வி: சார் வணக்கம். காரைக்குடியில பெயிண்ட் கடை வச்சிருக்கேன். ஒரே கம்ப்யூட்டர், விண்டோஸ் 11 ஹோம். பில் போடுற சாஃப்ட்வேர் தனி, அதுல ரெண்டு பசங்க வேலை பார்க்குறாங்க. டாலிப்ரைம் கணக்கை நானும் ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து வர்ற தம்பியும்தான் பார்க்கணும். பசங்க நல்ல பசங்கதான், ஆனா யாரோ தெரியாம ஒரு வவுச்சரை அழிச்சிட்டாங்க. டாலியை மட்டும் பாஸ்வேர்டு போட்டு பூட்ட ஏதாவது சாஃப்ட்வேர் சொல்லுங்க.

பதில்: பூட்டு சாஃப்ட்வேர் பக்கம் போகாதீங்க. இப்ப எல்லாரும் உங்க ஒரே அக்கவுண்ட்லதான் உட்கார்றாங்க, அதுவும் அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்ட், அதுல உட்கார்றவங்க எந்த பூட்டையும் அன்இன்ஸ்டால் பண்ணிட்டு போயிடலாம். முதல்ல ஆளைப் பிரிங்க. செட்டிங்ஸ்ல அக்கவுண்ட்ஸ், அதுக்குள்ள அதர் யூசர்ஸ் போய் பசங்களுக்கு ஒரு அக்கவுண்ட் போடுங்க, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இல்லாமலே போடலாம், தானாவே ஸ்டாண்டர்டு யூசராத்தான் (மெஷினை மாத்துற அதிகாரம் இல்லாத சாதா அக்கவுண்ட்) வரும், அப்படியே விடுங்க. உங்க அக்கவுண்டுக்கு பசங்களுக்குத் தெரியாத பின் நம்பர் வைங்க. எழுந்து போகும்போது விண்டோஸ் கீயும் எல்லும் அழுத்துற பழக்கம் வரணும், அது வரலைன்னா இனி சொல்றது எதுவுமே நிக்காது.

இதோட முடிஞ்சதுன்னு நினைச்சுடாதீங்க, பல கடையில இங்கதான் கோட்டை விடுறாங்க. டாலிப்ரைம் இன்ஸ்டால் பண்ணும்போது இடத்தை மாத்தலைன்னா கம்பெனி டேட்டா சி டிரைவ்ல யூசர்ஸ், பப்ளிக், டாலிப்ரைம், டேட்டான்னு ஒரு ஃபோல்டர்ல போய் உட்காரும். பப்ளிக்ன்னா அந்த மெஷின்ல இருக்குற எல்லா அக்கவுண்டுக்கும் பொது. ப்ரோக்ராமை மட்டும் தடுத்தா அந்த ஃபோல்டரை ஒரு பென் டிரைவ்ல காப்பி பண்ணிட்டு போய் வேற கம்ப்யூட்டர்ல திறந்துடலாம். அதனால காக்க வேண்டியது டாலியை இல்ல, கணக்கைத்தான்.

உங்க அக்கவுண்ட்ல இருந்துகிட்டு அந்த டேட்டா ஃபோல்டர் மேல ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்டீஸ், செக்யூரிட்டி, எடிட் போங்க. ஆட் குடுத்து பசங்க அக்கவுண்ட் பேரை டைப் பண்ணி டினை (தடை) வரிசையில ஃபுல் கன்ட்ரோலுக்கு டிக் போடுங்க. ப்ரோக்ராம் ஃபைல்ஸ்ல இருக்குற டாலிப்ரைம் ஃபோல்டருக்கும் அதே மாதிரி ரீட் அண்ட் எக்சிக்யூட்டுக்கு டினை போட்டுட்டா பசங்க அக்கவுண்ட்ல டாலி ஐகானை தட்டினாலும் திறக்காது. ஒண்ணே ஒண்ணு, கெஞ்சி கேக்குறேன், டினையை அந்த ஒரு பேருக்கு மட்டும் போடுங்க. லிஸ்ட்ல யூசர்ஸ்னு ஒரு குரூப் இருக்கும், அதுக்குப் போட்டுட்டீங்கன்னா நீங்களும் அதுல அடக்கம், அனுமதியும் தடையும் மோதினா இங்க தடைதான் ஜெயிக்கும், உங்க கணக்கை உங்களாலயே திறக்க முடியாது.

அப்புறம் டாலிக்குள்ளயே யூசர் வசதி இருக்கு. கம்பெனி ஆல்டர் ஸ்கிரீன்ல யூசர் ஆக்சஸ் கன்ட்ரோலை ஆன் பண்ணி ஆடிட்டர் ஆபீஸ் தம்பிக்கு தனி பேரு, தனி பாஸ்வேர்டு குடுங்க. டாலிக்குள்ள இருக்குற டாலிவால்ட்ல பாஸ்வேர்டு போட்டா டேட்டாவே என்கிரிப்ட் ஆயிடும், அதாவது பாஸ்வேர்டு இல்லாம படிக்க முடியாதபடி மாறிடும், வெளிய காப்பி போனாலும் பயமில்ல, ஆனா அந்த பாஸ்வேர்டு மறந்தா டேட்டா போனது போனதுதான், எழுதி வீட்டு பீரோவுல வைங்க.

புது அக்கவுண்ட்ல பில் சாஃப்ட்வேர் ஆக்சஸ் டினைட்னு அடம் பிடிக்கலாம், பழைய பில்லிங் சாஃப்ட்வேர் சிலது ப்ரோக்ராம் ஃபைல்ஸ் உள்ளயே டேட்டாவை எழுதும், ஸ்டாண்டர்டு யூசருக்கு அங்க எழுத அனுமதி கிடையாது. உடனே சர்வீஸ் ஆளு "அட்மின் ஆக்கிடுங்க சார், சரியாயிடும்"பாரு, கேக்காதீங்க, செஞ்ச வேலை அத்தனையும் வீணாயிடும். அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் பசங்க அக்கவுண்டுக்கு மாடிஃபை அனுமதி குடுங்க, போதும்.

கேள்வி: வீட்டுல விண்டோஸ் 11 ப்ரோ. பையன் டவுன்லோட்ஸ்ல கேம் இறக்கி ஆடுறான். ஜிபிஎடிட்ல (விண்டோஸ் பாலிசியை மாத்துற இடம்) அந்த கேம் பேரைப் போட்டு தடுத்தேன், ஃபைல் பேரை மாத்திட்டு மறுபடி ஆடுறான். என்ன பண்றது? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: அந்த பாலிசி ஃபைல் பேரை மட்டும்தான் பார்க்கும்மா, பேரு மாறினா விட்டுடும். உங்களுக்கு வேண்டியது ஆப்லாக்கர், எந்த ப்ரோக்ராம் ஓடலாம்னு ரூல் போடுற விண்டோஸ் வசதி. முன்னாடி என்டர்பிரைஸ் எடிஷனுக்குன்னு இருந்தது, இப்ப ப்ரோவுலயும் வேலை செய்யுது. பையன் அக்கவுண்ட் ஸ்டாண்டர்டா இருக்கான்னு முதல்ல பாருங்க. லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில ஆப்லாக்கர் போய் எக்சிக்யூட்டபிள் ரூல்ஸ்ல ரைட் கிளிக் பண்ணி டிஃபால்ட் ரூல்ஸ் உருவாக்குங்க. அப்புறம் ப்ரோக்ராம் ஃபைல்ஸ், விண்டோஸ் ரெண்டு ஃபோல்டர்ல இருக்குறது மட்டும்தான் அவனுக்கு ஓடும், டவுன்லோட்ஸ்ல இருந்தோ பென் டிரைவ்ல இருந்தோ எந்த பேருல வந்தாலும் ஓடாது. பேக்கேஜ்டு ஆப் ரூல்ஸ்லயும் டிஃபால்ட் போட மறக்காதீங்க, மறந்தா ஸ்டோர் ஆப் எல்லாம் சேர்ந்து நின்னுடும். அப்ளிகேஷன் ஐடென்டிட்டி சர்வீஸ் ஓடினாதான் தடை அமலுக்கு வரும், அதையும் பாருங்க. ஆரம்பத்துல ஆடிட் ஒன்லியில (தடுக்காம குறிச்சு மட்டும் வைக்கும்) வச்சு என்னென்ன தடைபடும்னு ஈவன்ட் வியூவர்ல பார்த்துட்டு அப்புறம் என்ஃபோர்ஸ் பண்ணுங்க, ஏன்னா கிளாஸுக்கு வேண்டிய சாஃப்ட்வேர் சிலதும் யூசர் ஃபோல்டருக்குள்ளயே இன்ஸ்டால் ஆகும், அதுக்கு தனியா அனுமதி குடுக்கணும். அவன்கிட்ட சொல்லிட்டே செய்யுங்க.

கேள்வி: எங்க லேப்ல எல்லாம் உபுண்டு லினக்ஸ். ஒரு ப்ரோக்ராமை ஸ்டாஃப் மட்டும் ஓட்ட வழி? (மதுரை வாசகர்)

பதில்: ஸ்டாஃபுக்கு ஒரு குரூப் போட்டு, அந்த ப்ரோக்ராமோட ஓனர் ரூட்டாவே (லினக்ஸோட அட்மின்) இருக்கட்டும், குரூப்பை மட்டும் மாத்தி அனுமதியை 750 ஆக்குங்க, அதாவது ஓனருக்கு எல்லாம், குரூப்புக்கு படிக்கவும் ஓட்டவும் மட்டும், மத்தவங்களுக்கு ஒண்ணுமில்ல. ஆனா சிஎச்மோட் (chmod) கமாண்ட்ல மட்டும் செஞ்சா அடுத்த அப்டேட்ல பழைய நிலைக்கே போயிடும், அதனால டிபிகேஜி ஸ்டேட்ஓவர்ரைட் (dpkg-statoverride) கமாண்ட் மூலமா செய்யுங்க, அப்டேட் வந்தாலும் நிக்கும். ஸ்னாப்ங்கிற தனி பேக்கேஜ் முறையில வந்த ஆப்புக்கு இது எடுபடாது.