க்ரூகர் காட்டில் தங்குவது எப்படி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவுக்குப் போகத் திட்டமிடுகிறவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டேன். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பலர் கேட்டிருப்பது நல்ல விஷயம். அங்கே முதலில் தீர்ந்துபோவது தங்கும் அறைதான்.

கேள்வி: எங்களுக்கு ஐந்து இரவுகள்தான் இருக்கின்றன. தெற்கிலிருந்து வடக்குவரை முழுக் காட்டையும் பார்க்க ஒரு பாதை சொல்லுங்கள்.

பதில்: ஐந்து இரவில் முழுக் காட்டையும் பார்க்க முயலாதீர்கள். க்ரூகரின் பரப்பு கிட்டத்தட்ட 19,500 சதுர கிலோமீட்டர். தெற்கு முனைக்கும் வடக்கு முனைக்கும் இடையே சுமார் 360 கிலோமீட்டர். தார்ச்சாலையில் மணிக்கு 50, மண்சாலையில் 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. மீறினால் அபராதம் உண்டு. ஸ்குகூசா முகாமிலிருந்து (முகாம் என்றால் காட்டுக்குள் பூங்கா நடத்தும், வேலியிட்ட தங்குமிடம்) சதாரா முகாமுக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம். கணக்குப்படி இரண்டு மணி நேரம்தான். ஆனால் வழியில் ஒரு யானைக்கூட்டம் சாலையைக் கடக்கும், ஒரு மரத்தடியில் நாலு கார் நிற்பதைப் பார்த்து நீங்களும் நிறுத்துவீர்கள், அரை நாள் போய்விடும். தினம் ஒரு முகாம் என்று வைத்துக்கொண்டால், பெட்டி கட்டுவதிலும் அடுத்த முகாமின் வாசல் மூடுவதற்குள் போய்ச் சேரும் பதற்றத்திலுமே ஐந்து நாளும் கழிந்துவிடும்.

லோயர் சபீ முகாமில் இரண்டு இரவு, சதாராவில் மூன்று இரவு தங்குங்கள். முதல் பயணத்துக்கு இதைவிட நல்ல திட்டம் எனக்குத் தெரியவில்லை. லோயர் சபீ, சபீ ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கிருந்து ஸ்குகூசா போகும் எச்4-1 சாலை ஆற்றை ஒட்டியே செல்லும். கரையோரப் பெருமரங்களில் சிறுத்தை படுத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. முகாமுக்குப் பக்கத்திலேயே சன்செட் அணை என்ற சிறிய நீர்நிலை. சாலையோரத்திலேயே கரை, கார் ஜன்னலுக்கு நேரே முதலையும் நீர்யானையும்.

சதாரா வேறு மாதிரி நிலம். க்ரூகரின் மேற்குப் பாதி பெரும்பாலும் கிரானைட் பாறை, கிழக்குப் பாதி எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட் மண். பசால்ட் மண்ணில் சத்தான புல் வளரும். அந்தப் புல்லைத் தேடி வரிக்குதிரையும் வில்டபீஸ்ட் என்ற பெரிய மான்களின் மந்தையும் எருமைக்கூட்டமும் வரும், அவற்றைத் தேடிச் சிங்கம் வரும். சதாராவின் எஸ்100 மண்சாலை சிங்கத்துக்குப் பெயர் பெற்றதற்குக் காரணம் இந்த மண்தான்.

நாளை எப்படிப் பிரிப்பது என்பதும் முக்கியம். முகாம் வாசல் திறக்கும் நிமிடத்தில் வெளியே இருங்கள். கோடையின் உச்சமான நவம்பர் முதல் ஜனவரி வரை காலை 4.30, அங்கே ஆண்டின் நடுவில் வரும் குளிர்காலத்தில் 6 மணி. பத்து, பத்தரைக்குத் திரும்பி வந்து சாப்பிட்டு ஓய்வெடுங்கள், வெயில் நேரத்தில் சிங்கமும் அதைத்தான் செய்கிறது. மூன்று மணிக்கு மறுபடி கிளம்புங்கள். அப்புறம் ஒன்று: ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு நீர்நிலையில் வண்டியை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்காருங்கள். சன்செட் அணையில் ஒரு மாலை நான் அப்படி உட்கார்ந்திருந்தபோது, பத்துப் பதினைந்து கார்கள் வந்து ஐந்து நிமிடம் நின்று, முதலையைப் படம் எடுத்துவிட்டுப் போயின. நாற்பது நிமிடம் கழித்துக் குட்டிகளோடு ஒரு யானைக்கூட்டம் தண்ணீருக்கு இறங்கியது. அப்போது அங்கே இரண்டே கார்கள்தான் மிச்சம்.

மாலையில் வாசல் மூடும் நேரத்தை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாதத்துக்கு மாதம் அது மாறும், குளிர்காலத்தில் 5.30-க்கே மூடிவிடுவார்கள்.

கேள்வி: எந்த மாதம் போகலாம்? பள்ளி விடுமுறை மே மாதத்தில்தான் கிடைக்கிறது.

பதில்: மே நல்ல மாதமே. மழை நின்றிருக்கும், பகல் இதமாக இருக்கும், விடியற்காலையில் ஸ்வெட்டர் தேவைப்படும். புல் மட்டும் இன்னும் கொஞ்சம் உயரமாக இருக்கும், சிங்கம் பத்தடி தள்ளிப் படுத்திருந்தாலும் தெரியாமல் போகலாம். விலங்குகளைப் பார்ப்பது மட்டுமே நோக்கம் என்றால் ஆகஸ்ட், செப்டம்பர். குட்டைகள் வற்றி, இலை உதிர்ந்து, எல்லா உயிரும் மிச்சமிருக்கும் தண்ணீரைத் தேடி வரும் காலம் அது.

ஆனால் கோடையை யாரும் சிபாரிசு செய்வதில்லையே என்று எனக்கு வருத்தம் உண்டு. நவம்பர், டிசம்பரில் காடு முழுக்கப் பச்சை. இம்பாலா மான்கள் சில வார இடைவெளிக்குள் கூட்டம் கூட்டமாகக் குட்டி போடும். வலசை வரும் பறவைகளும் அப்போதுதான் இருக்கும். க்ரூகரில் 500-க்கு மேற்பட்ட பறவை வகைகள் பதிவாகியுள்ளன. வெப்பம் 40 டிகிரியைத் தொடலாம், மழை பெய்தால் மண்சாலைகளை மூடலாம், மலேரியா அபாயமும் அப்போது கூடுதல். இதையெல்லாம் ஏற்றுக்கொள்ள முடிந்தால் தாராளமாகப் போங்கள்.

கேள்வி: பூங்கா நடத்தும் முகாமா, தனியார் விடுதியா? விலை வித்தியாசம் மலைக்க வைக்கிறது.

பதில்: இரண்டும் வேறு வேறு அனுபவம். பூங்கா முகாம்களில் கூரை வேய்ந்த வட்டக் குடிலோ சிறு வீடோ எடுத்துக்கொண்டு, உங்கள் காரில் நீங்களே சுற்றுவீர்கள். சாலையை விட்டு இறங்க அனுமதி கிடையாது. க்ரூகரின் மேற்கு எல்லையை ஒட்டி சபி சாண்ட், டிம்பவாடி போன்ற தனியார் காப்பகங்கள் உள்ளன. சபி சாண்டுக்கும் க்ரூகருக்கும் இடையே இருந்த வேலியை 1993-இல் எடுத்துவிட்டார்கள், அதனால் விலங்குகள் இரண்டு பக்கமும் போய்வரும். அங்கே திறந்த வண்டியின் முன்முனையில் தடம் பார்ப்பவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். மண்ணில் பதிந்த காலடியை வைத்து, சிறுத்தையைப் புதருக்குள்ளேயே தேடிக் கண்டுபிடிப்பார்கள். அந்தத் திறமையைப் பக்கத்திலிருந்து பார்ப்பதே தனி அனுபவம். சாப்பாடு, சவாரி எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஓர் இரவுக்குச் சில நூறு டாலரில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும்.

பணம் இடம் கொடுத்தால் மூன்று, நான்கு இரவு முகாமில் இருந்துவிட்டுக் கடைசி இரண்டு இரவைத் தனியார் காப்பகத்தில் வையுங்கள். வரிசையை மாற்றாதீர்கள். மூன்று நாள் நீங்களே தேடி அலைந்த பிறகுதான், தடம் பார்ப்பவர் செய்வது எவ்வளவு பெரிய வேலை என்று புரியும். பணம் இடம் கொடுக்காவிட்டால் குறையொன்றும் இல்லை. முகாமிலிருந்தே வழிகாட்டியோடு இரவுச் சவாரி போகலாம், அதற்குக் கட்டணம் குறைவு.

முகாம் அறைகளுக்கான முன்பதிவு சுமார் 11 மாதம் முன்பே திறக்கும். லோயர் சபீ, சதாரா இரண்டும் சீக்கிரம் நிரம்பிவிடும். அறை வாடகை போக, வெளிநாட்டவருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வன உயிர்ப் பாதுகாப்புக் கட்டணம் தனியாக உண்டு. பலர் இதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். குடும்பத்தோடு போனால் அது நல்ல தொகை.

கேள்வி: மகளுக்கு 4 வயது, மகனுக்கு 9. மலேரியா பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானது. க்ரூகர் மலேரியா பகுதிதான். குளிர்கால மாதங்களில் அபாயம் குறைவு, இல்லாமல் போவதில்லை. எந்தத் தடுப்பு மாத்திரை, எவ்வளவு அளவு என்பது குழந்தையின் எடையைப் பொறுத்தது. பொதுவாகக் கொடுக்கப்படும் டாக்ஸிசைக்ளின் 8 வயதுக்குக் கீழே ஏற்றதல்ல. அதனால் குழந்தை மருத்துவரை ஒரு மாதம் முன்பே பாருங்கள். மாலையானதும் முழுக்கைச் சட்டை, கொசு விரட்டிக் களிம்பு. ஊருக்குத் திரும்பிய பிறகு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் ஆப்பிரிக்கா போய் வந்ததை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

பூங்காவின் திறந்த சஃபாரி வண்டிகளில் 6 வயதுக்குக் கீழே ஏற்றுவதில்லை, வழிகாட்டியோடு நடந்து போக 12 வயது ஆகியிருக்க வேண்டும். உங்கள் மகளோடு சொந்தக் காரில் சுற்றலாம், அதற்குத் தடையில்லை. மனம் ஒப்பவில்லை என்றால் மலேரியா இல்லாத மடிக்வே, பிலானஸ்பெர்க் காப்பகங்கள் தென்னாப்பிரிக்காவிலேயே இருக்கின்றன. நான்கு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு நான் பிலானஸ்பெர்க்கைத்தான் சொல்வேன். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து சில மணி நேரம்தான், பாதி நாள் காரிலேயே போகாது. க்ரூகரைக் குழந்தை வளர்ந்த பிறகு பார்க்கலாம்.

கேள்வி: நானே கார் ஓட்டலாமா? யானை துரத்தினால் என்ன செய்வது?

பதில்: ஓட்டலாம். அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து தெற்கு வாசல்களுக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர் நல்ல நெடுஞ்சாலை. சர்வதேச ஓட்டுநர் உரிமம் எடுத்துக்கொள்ளுங்கள், வாடகைக் கார் நிறுவனங்கள் கேட்கலாம். பூங்காவுக்குள் சாதாரண காரே போதும், ஆனால் கொஞ்சம் உயரமான வண்டி என்றால் புல்லுக்கு மேலே பார்வை போகும். விமானம் மாலையில் இறங்கினால் அன்று இரவு ஜோகன்னஸ்பர்க்கிலேயே தங்கிவிடுங்கள். இருட்டில் அந்தத் தூரத்தை ஓட்ட வேண்டாம்.

யானை விஷயத்தில், துரத்தும் நிலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. கன்னத்தில் மதநீர் வழிந்தால் மதம் பிடித்த ஆண் யானை என்று நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆப்பிரிக்க யானையில் அது மட்டும் போதாது. அங்கே பெண் யானைக்கும் கன்னச் சுரப்பி வழியும், பெண்ணுக்கும் தந்தம் உண்டு. எனவே பின்னங்காலைப் பாருங்கள். மதத்தில் இருக்கும் ஆண் யானைக்குச் சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும், கால்களின் உட்புறம் ஈரமாக இருக்கும், தலையை உயர்த்திப் பிடித்து நடக்கும். அது சாலையில் உங்களை நோக்கி வந்தால் ஹாரன் அடிக்காதீர்கள், எதிர்த்து நிற்காதீர்கள். தூரத்தில் இருக்கும்போதே மெதுவாகப் பின்னால் எடுங்கள். பின்னால் கார் நின்றால் அவரும் நகர வேண்டும் என்று கைகாட்டுங்கள். கூட்டம் கடக்கும்போது தாய்க்கும் குட்டிக்கும் நடுவே போய் நிற்கக் கூடாது. ஐம்பது மீட்டர் விட்டு நின்றால், அவை உங்களைப் பொருட்படுத்தாமல் கடந்துபோகும்.

கேள்வி: அப்பா, அம்மா சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா?

பதில்: வேண்டாம், சமைத்துக்கொள்ளுங்கள். முகாம் உணவகங்களில் சைவத்துக்குத் தேர்வு குறைவு. சமையல் வசதி உள்ள குடிலாகப் பதிவு செய்தால் அடுப்பு, பாத்திரம், குளிர்ப்பெட்டி எல்லாம் இருக்கும். வசதி இல்லாத குடில் என்றால் பொதுச் சமையற்கூடத்தில் மின்னடுப்பு உண்டு, பாத்திரம் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். வழியில் எம்பொம்பேலா நகரத்தின் பெரிய கடைகளில் அரிசி, பருப்பு, காய்கறி, தயிர் வாங்கிக்கொள்ளலாம். 1860 முதல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர்களின் சந்ததியினர் டர்பன் பக்கம் பெருமளவில் வாழும் நாடு அது. மசாலாப் பொடிக்குப் பஞ்சமில்லை.

பல குடில்களில் சமையல் பகுதி திறந்த தாழ்வாரத்தில்தான் இருக்கும். குரங்கும், பபூன் என்ற பெரிய வகைக் குரங்கும் குளிர்ப்பெட்டியைத் திறக்கக் கற்றுவைத்திருக்கின்றன. பூட்டும் கொக்கி கொடுத்திருந்தால் ஒவ்வொரு முறையும் போடுங்கள். பாவம் என்று ஒரு வாழைப்பழம்கூடக் கொடுக்காதீர்கள். மனிதரிடம் பிடுங்கித் தின்னப் பழகிய பபூனைக் கடைசியில் சுட்டுவிட நேர்கிறது.

கேள்வி: மஞ்சள் காய்ச்சல் ஊசி போட வேண்டுமா?

பதில்: தென்னாப்பிரிக்கா மட்டும் என்றால் தேவையில்லை. கென்யாவையும் சேர்த்துப் போகிறீர்கள் என்றால் அவசியம் போடுங்கள். போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள்வரை தனிமைப்படுத்தலாம். அடிஸ் அபாபா போன்ற ஊரில் விமானம் மாறுகிறவர்கள், இடைவெளி 12 மணி நேரத்தைத் தாண்டினால் தென்னாப்பிரிக்காவும் சான்றிதழ் கேட்கும் என்பதை நினைவில் வையுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள்.

கேள்வி: சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை ஐந்தையும் பார்த்துவிட முடியுமா? சீட்டாவும் சிறுத்தையும் ஒன்றுதானே?

பதில்: ஒன்றல்ல. சீட்டா என்பது சிவிங்கிப்புலி. உடம்பில் தனித்தனிக் கரும்புள்ளி, கண்ணிலிருந்து வாய்வரை கண்ணீர்த் தடம் போல ஒரு கறுப்புக் கோடு. சிறுத்தைக்குப் பூப்பூவாகப் புள்ளி, தடித்த கழுத்து, மரமேறும். க்ரூகரில் இரண்டும் உண்டு. சிவிங்கிப்புலிதான் அபூர்வம்.

யானையும் எருமையும் அநேகமாக உறுதி. ஐந்து நாளில் சிங்கமும் பெரும்பாலும் கிடைக்கும். சிறுத்தை அதிர்ஷ்டம். காண்டாமிருகத்தைப் பற்றிச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. 2011-இல் க்ரூகரில் பத்தாயிரத்துக்கு மேல் இருந்த வெள்ளைக் காண்டாமிருகங்கள் 2020-இல் மூவாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டன. வறட்சியும் ஒரு காரணம், கொம்புக்காக நடந்த வேட்டை பெரிய காரணம். நீங்கள் ஒன்றைப் பார்த்தால், வேட்டைக்காரர்களுக்குப் பயன்படாமல் இருக்க அதன் கொம்பு முன்பே அறுக்கப்பட்டிருக்கலாம். படம் எடுங்கள். ஆனால் போனில் இடம் காட்டும் வசதியை அணைத்துவிட்டு எடுங்கள், எந்தச் சாலை, எந்தக் குட்டை என்று எங்கேயும் எழுதாதீர்கள். அடுத்த காரில் வருகிறவர் கேட்டாலும் சொல்ல வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை. அடிக்கடி கழிப்பறை போக வேண்டும். காரை விட்டு இறங்கவே கூடாதாமே?

பதில்: கண்ட இடத்தில் இறங்கக் கூடாது, உண்மை. முகாம்களிலும் குறித்துவைத்த பிக்னிக் இடங்களிலும் இறங்கலாம், அங்கே கழிப்பறை உண்டு. லோயர் சபீ–ஸ்குகூசா சாலையில் நுகூலு, ஸ்குகூசா–சதாரா சாலையில் ச்சோக்வானே. முகாம் கடையில் வரைபடப் புத்தகம் விற்கும், முதல் நாளே வாங்கி இந்த இடங்களை வட்டமிட்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒன்று வருமாறு காலைச் சுற்றை அமைத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுகிறார் என்றால் சிறிய ஐஸ் பெட்டி ஒன்றும் காரில் இருக்கட்டும்.