ஒரு மரம் அறுக்கும் ஆலைக்காகவே உருவான ஊர் ஏதாவது உண்டா? அதன் கதை என்ன?

உண்டு. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள பொகலூசா.

சாமில் என்றதும் நமக்குச் சாலையோர மரவாடிதான் நினைவுக்கு வரும். பொகலூசா ஆலை உச்சத்தில் நாளொன்றுக்குப் பத்து லட்சம் போர்டு அடி அறுத்தது. ஓர் அடிக்கு ஓர் அடி, ஓர் அங்குலக் கனம். அதுதான் ஒரு போர்டு அடி. நம் மரக்கடைக் கணக்கில் சுமார் 83,000 கன அடி வரும், ஒரே நாளில்!

பஃபலோ நகரத்து குட்இயர் சகோதரர்களின் கிரேட் சதர்ன் லம்பர் கம்பெனி, அங்கிருந்த பைன் காட்டை நம்பி 1906-ல் ஊரைக் கட்டத் தொடங்கியது. 1908-ல் ஆலை ஓடியது. ரயிலில் வரும் மரங்களை முதலில் குளத்தில் தள்ளுவார்கள். மண்ணோடு போனால் வாளின் பல் மழுங்கிவிடும் இல்லையா? ஊறிக் கழுவப்பட்ட மரத்தைச் சங்கிலி மேலே இழுத்துப் போய் வாளிடம் கொடுக்கும்.

வீடு, கடை, மருத்துவமனை எல்லாம் கம்பெனியுடையது. கறுப்பர்களுக்குத் தனிக் குடியிருப்பு, வெள்ளையர்களுக்குத் தனி. 1914-ல் நகராட்சி வந்தபோது மேயரானவர் யார் தெரியுமா? ஆலையின் பொது மேலாளர் சல்லிவன்தான். 1920-லிருந்து பைன் கன்றுகளை நட்டார்கள், ஆனால் பழைய காடு தீர்ந்ததும் 1938-ல் ஆலையை மூடிவிட்டார்கள். காகித ஆலைதான் ஊரைத் தாங்கியது.

ஆனால் பொகலூசா என்றால் எனக்கு 1919-தான். கறுப்பர், வெள்ளையர் இரு தரப்பையும் தொழிற்சங்கம் சேர்க்க ஆரம்பித்திருந்தது. கறுப்பர் சங்கத் தலைவர் சோல் டேக்கஸை ஒரு கும்பல் தேடி அலைந்தது. நவம்பர் 22 அன்று அவர் பட்டப்பகலில் தெருவில் நடந்து வந்தார். இருபக்கமும் துப்பாக்கியோடு இரண்டு வெள்ளைத் தொழிலாளிகள், அவருக்குக் காவலாக. அந்தக் காலத்து லூசியானாவில் இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று யோசித்துப் பாருங்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்தது சங்கத் தலைவர் லம் வில்லியம்ஸின் கார் பட்டறை. கம்பெனி ஆதரவுக் கும்பல் அங்கே வந்து சுட்டது. வில்லியம்ஸ் உட்பட நான்கு வெள்ளைத் தொழிற்சங்கத்தினர் இறந்தார்கள். டேக்கஸ் உயிர் தப்பி ஊரைவிட்டே போனார். சங்கம் அதோடு முறிந்தது. சல்லிவன் 1929-ல் சாகும்வரை மேயராகவே இருந்தார்.